தேனுக்குப் பின்னால் ஈ

மலாயாவுக்கு வந்த புதிதில் ஒரு நாள் எஸ்டேட் வாசலுக்கு வெளியே இருக்கும் சீனர் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் பெயர் ஆ லோக். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் உச்சந்தலையில் கையை வைத்து, அந்தக் கையை அப்படியே காற்றில் நகர்த்திக் கொண்டுவந்து என் காதுக்கு நேராக நிறுத்தி, "யூ டாலர் மீ" என்றார். இங்கே காசுக்குப் பெயர் டாலர். நம்மவர்கள் வெள்ளி என்பார்கள். ஒரு பொட்டலம் உப்புக்கு முழுசாக ஒரு டாலரா என்று சட்டைப் பையைத் தடவினேன். அவர் சிரித்துவிட்டு, "நோ மணி. யூ டாலர். மீ நோ டாலர்" என்றார். பாவம், இவரிடமும் காசில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடியும் தலையில் கையை வைத்துக் காட்டிய பிறகுதான், அந்த டாலர் காசு இல்லை, உயரம்; நீ என்னை விட உயரம் என்று சொல்லியிருக்கிறார் என்பது விளங்கியது. விளங்கியதும் எனக்கு வந்தது சிரிப்பு இல்லை, பயம். 'மீ' என்று சொல்லிவிட்டாரே, யாராவது அடிக்கப் போகிறார்களே என்று திரும்பிப் பார்த்தேன்.

இந்தப் பள்ளி மலரை வாசிக்கும் பிள்ளைகளே, அந்தப் பயம் ஏன் வந்தது என்று உங்கள் கருப்பையா சாருக்குத் தெரியும். நீங்கள் இன்றைக்கு அவரிடம் இங்கிலீஷ் படிக்கிற அதே கட்டடத்தில், அவனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். (அவன் என்று எழுதுவதற்கு நீங்கள் மன்னிக்க வேண்டும். 'அவர்' போட்டு எழுதினால் அவனே சிரிப்பான்.) வெளிநாட்டு அனுபவம் ஏதாவது பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தான். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கப்பல், கடல், ரப்பர் மரம் பற்றி என்னை விட நன்றாக எழுத ஆள் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இங்கிலீஷில் 'ஐ' என்பது ஓரெழுத்து. 'மீ' என்பதும் நம் எழுத்தில் எழுதினால் ஓரெழுத்து. அந்த ஓரெழுத்தை மாற்றிப் போட்டதால் என் பெண்டாட்டி பிள்ளைகள் கடலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடப் பார்த்தார்கள். அதை எழுதுகிறேன்.

அப்போது நம் ஊர் சமஸ்தானத்தில் இருந்தது. கீரமங்கலத்துப் பக்கம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் குறைவு. எங்கள் வாத்தியார் பெயர் வேண்டாம். கெட்டவர் இல்லை, எழுபது பிள்ளைகளை ஒரு பிரம்பால் கட்டி ஆண்டவர், அவ்வளவுதான். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்லும்போது இங்கிலீஷில் 'தேன்' என்று ஒரு சொல் வரும். நம்முடைய 'விட' என்பதற்கு அது. அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்கும் அன்று வாத்தியார் பிரம்பை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏண்டா, தேன் இருந்தா அங்கிட்டு என்ன வரும்?"

"ஈ வரும் சார்."

"வந்தா?"

"அடிக்கணும் சார்."

"அந்த ஈ எது?"

யாருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் 'மீ' என்று எழுதி அதன் மேல் பிரம்பால் ஓங்கி ஒன்று போட்டார். "இதான் ஈ. தேனுக்குப் பின்னாடி மீ வந்தா அடி. ஐதான் வரணும். ராமன் இஸ் டாலர் தேன் ஐ. சொல்லுங்கடா."

எல்லோரும் சொன்னோம். கருப்பையா மட்டும் எழுந்து நின்றான். "சார், ஹீ-யும் ஈதான சார்? ஷீ-யும் ஈதான? அதையும் அடிக்கணுமா சார்?"

வாத்தியார் பிரம்பை அவன் பக்கம் நீட்டினார். "மத்தவனெல்லாம் எழுதுங்கடா. நீ நில்லு" என்றார். மணி அடிக்கும் வரை நின்றான். பதில் வரவில்லை. கேள்வி கேட்டவன் நின்றதைப் பார்த்து, உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் பாடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். தேனுக்குப் பின்னால் ஈ கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இலக்கணம்.

நம் பிள்ளைகளுக்கு அந்த ஈ வந்து மொய்ப்பதில் ஆச்சரியம் இல்லை. அண்ணன் என்னை விட உயரம் என்கிறோம். நான் விட உயரம் என்று யாரும் சொல்வதில்லை. என்னை என்றாலே 'மீ' என்று மனது போட்டுவிடுகிறது. இங்கே மலாய்க்காரர்கள் பாடு நிம்மதி. அவர்கள் மொழியில் நான் என்றாலும் 'சாயா', என்னை என்றாலும் 'சாயா'. ஆ லோக்குக்கு எதற்கெடுத்தாலும் 'மீ'. அது போகட்டும், எங்கள் எஸ்டேட்டு வெள்ளைக்காரத் துரையே ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்துத் துரையைக் காட்டி, "ஹீ இஸ் ஃபேட்டர் தேன் மீ" என்றார். என் காதால் கேட்டேன். இங்கிலீஷைப் பெற்றவர்கள் ஈயோடு சேர்த்துத் தேன் குடிக்கிறார்கள். நாம்தான் அங்கே உட்கார்ந்து ஈ ஓட்டியிருக்கிறோம் என்று தோன்றியது. தோன்றியும் என்ன. படிந்தது படிந்ததுதான்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம் நான் கப்பலேறினேன். அப்போது என் மகள் மீனாளுக்கு நாலு வயது. மகன் அடைக்கலம் தாய் வயிற்றில். எங்கள் வீட்டில் பிறந்தவர்கள் நானும் அண்ணனும் இரண்டே பேர். அண்ணனுக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. அறந்தாங்கி பஸ் வருகிற வரைக்கும் அண்ணன் மீனாளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். "நீ போயிட்டு வா. பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது" என்றார். குறை வரவில்லை. அதுதான் பின்னால் எனக்குப் பயமாகப் போயிற்று.

அண்ணன் ஐந்தாவது வரைதான் படித்தவர். ஆனால் கையெழுத்து கொக்கி கொக்கியாக, கம்பீரமாக இருக்கும். மாதம் ஒரு கடிதம் தவறாது. மீனாள் எழுதப் பழகியதும், கடைசியில் இரண்டு வரி இடம் விட்டு அவளிடம் கொடுப்பார். 'அப்பா நான் நலம் நீங்கள் நலமா' என்று கோணலும் மாணலுமாக அவள் எழுதுவாள். அந்த இரண்டு வரியைத்தான் நான் முதலில் வாசிப்பேன். ஐந்து வருஷம் இப்படியே போயிற்று. பிறகு ஒரு மாதம் அந்த இரண்டு வரி வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. கேட்டு எழுதினேன். 'மீனாள் படிப்பில் கவனமாக இருக்கிறாள்' என்று பதில் வந்தது. எழுத்து மட்டும் வர வர அழகாகிக்கொண்டு வந்தது. கொக்கியெல்லாம் மழுங்கி, உருண்டை உருண்டையாக. அண்ணனுக்கு வயது ஏற ஏறக் கை கனிகிறது என்று நான் லயத்தில், எங்கள் எஸ்டேட்டுக் கூலி வீட்டு வரிசையில் இருந்தவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். மகள் எழுதவில்லையே என்ற வருத்தத்தை அவர்களிடம் காட்டவில்லை.

அப்புறம் அந்தக் கடிதம் வந்தது. அண்ணன் வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தார். 'அடைக்கலம் இப்போது என்னை அப்பா என்கிறான். உன்னைப் போட்டா அப்பா என்கிறான். நான் பெரியப்பாடா என்றால், அப்ப போட்டா யாரு சின்னப்பாவா என்று கேட்கிறான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.' என்னால் சிரிக்க முடியவில்லை. நான் இங்கிருந்து எடுத்து அனுப்பிய அந்தப் போட்டாவில் என் சட்டைப் பையில் ஒரு பேனா இருக்கும். அதுகூட எஸ்டேட் கணக்கு எழுதுகிற எங்கள் பெரிய கிராணியிடம் இரவல் வாங்கியது. இரவல் பேனாவோடு சுவரில் தொங்குகிற ஒரு ஆள். ஆறு வயதுப் பையனுக்கு நான் அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் குடும்பத்தைக் கூப்பிடுகிற சட்டம் இறுகிக்கொண்டு வந்தது. இப்போது விட்டால் அப்புறம் கஷ்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் பெண்டாட்டி சிவகாமிக்கும் பிள்ளைகளுக்கும் அனுமதி கேட்டு மனுப் போட்டேன். மனுவின் கடைசியில், ஏன் அழைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டு நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். பெரிய கிராணி எழுதித் தருவதாகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. என் பிள்ளைகளைக் கேட்கிற வார்த்தை என் கையால் இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று நாள் யோசித்து ஒரு வரி எழுதினேன். என் பிள்ளைகளுக்கு என்னை விட என் அண்ணனை நன்றாகத் தெரியும், அதனால் சீக்கிரம் அனுப்புங்கள் என்பது அதன் கருத்து. இங்கிலீஷில்: மை சில்ட்ரன் நோ மை பிரதர் பெட்டர் தேன் மீ.

எழுதி முடித்துப் பார்த்தேன். தேனுக்குப் பின்னால் ஈ உட்கார்ந்திருந்தது.

 நல்லவேளை, அனுப்புவதற்கு முன் பார்த்தோமே என்று புதுத் தாள் வாங்கி, முதலிலிருந்து எழுதி, கடைசியில் 'தேன் ஐ' என்று போட்டேன். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் காட்டினேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "இலக்கணம் சரியாக் கிடக்கு. ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?" என்றார். எங்கள் வாத்தியாரை மனதில் கும்பிட்டுக்கொண்டு தபாலில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து நேரில் வரச் சொல்லி மனுப் போட்ட ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. அண்ணனைப் பற்றிய விவரங்களோடு வரவும் என்று மட்டும் இருந்தது. என் பிள்ளைகளைக் கேட்டால் இவர்கள் ஏன் அண்ணனைக் கேட்கிறார்கள் என்று தூக்கம் போயிற்று. அண்ணன் எழுதிய கடிதங்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி, நூல் கட்டி, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே பெஞ்சில் என் பக்கத்தில் அறந்தாங்கிப் பக்கத்து ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் கதையைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணனைப் பத்திக் கேட்டிருக்காகளா? அப்பச் சந்தேகந்தான்."

"என்ன சந்தேகம்ண்ணே?"

"அண்ணன் பிள்ளையத் தன் பிள்ளைன்னு எழுதிக் கூட்டியாந்தவுக எத்தனை பேரு. அதான் இப்பத் தோண்டித் தோண்டிக் கேக்குறாக. நீங்க பதறாம பேசுங்க. பதறுனா பொய்யின்னு எழுதிருவாக."

பதறாதே என்று சொன்ன பிறகு பதறாமல் இருக்க யாரால் முடியும்.

உள்ளே இருந்தவர் வெள்ளைக்காரர். சின்ன வயது, என்னை விட இளையவர்தான். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதுவும் ஒரு வீம்பு. என் மனுவை எடுத்துக் கடைசி வரியில் விரலை வைத்து வாசித்தார். அதற்கு அவர் கொண்ட பொருள், பிள்ளைகளுக்கு உன் அண்ணனைத் தெரிந்த அளவுக்கு உனக்கு உன் அண்ணனைத் தெரியாது என்பது. நான் அவர் சரியாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்து, "எஸ் சார்" என்றேன்.

"யூ டோன்ட் நோ யுவர் பிரதர்?"

அண்ணனை உனக்குத் தெரியாதா என்கிறார். அப்படி இல்லை, தெரியும் என்று சொல்ல வேண்டும். நம் வழக்கப்படி, "நோ சார்" என்றேன். தெரியாதா என்று கேட்டால் இல்லை, தெரியும் என்போம் அல்லவா. இங்கிலீஷில் அந்த 'நோ' தெரியாது என்றே போய் நிற்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

பிறகு பொறுமையாகக் கேட்டார். உன் அண்ணனுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? நன்றாகத் தெரியும் சார், மாதம் ஒரு கடிதம் அவர் கைப்பட எழுதுகிறார் என்று பையைப் பிரித்துக் கட்டை எடுத்து வைத்தேன். அவர் கடிதங்களைப் பார்க்கவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் திருப்பினார். பிள்ளைகளை அனுப்பச் சம்மதம் என்று அண்ணன் ஊரில் அதிகாரி முன்னால் எழுதிக்கொடுத்த தாள் அது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. பக்கத்தில் இடது கை என்று எழுதியிருந்தது.

எழுதத் தெரிந்த மனிதர் ஏன் ரேகை வைத்திருக்கிறார் என்று கேட்டார்.  இது உன் அண்ணன்தானா, இந்தப் பிள்ளைகள் உன் பிள்ளைகள்தானா என்பது அவர் அடுத்து வைத்திருந்த கேள்வி. அதை அவர் கேட்காமலே எனக்குக் கேட்டது. காற்றாடி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. பெஞ்சில் இருந்தவர் சொன்னபடி பதறாமல் இருக்க வேண்டும் என்று, அந்தக் கடிதக் கட்டின் நூலைப் பிரித்தேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. மேலே ஒரு கடிதம், அடியில் ஒரு கடிதம். பழையதில் அண்ணன் 'சௌக்கியம்' என்று எழுதியிருந்தார். புதியதில் 'சவுக்கியம்'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இத்தனை வருஷத்துக் கடிதங்களை நான் ஒருபோதும் அப்படி வைத்துப் பார்த்ததில்லை. பழைய கடிதத்தின் அடியில் மீனாளின் இரண்டு வரி. அதில் இருக்கிற 'ந', புதிய கடிதம் முழுக்க இருந்தது. கோணல் நிமிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வரி நின்றுபோகவில்லை. அந்த மாதத்திலிருந்து முழுக் கடிதமும் அவள் எழுதியது. அடியில் தன் பெயரில் எழுதினால் ஒரே கை என்று தெரிந்துவிடும் என்றுதான் அதை நிறுத்தியிருக்கிறார்கள். மகள் என்னை மறந்துவிட்டாள் என்று நான் அழுத மாதங்களில் எல்லாம் அவள்தான் எனக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணனின் வலது கைக்கு என்னவோ ஆகியிருக்கிறது. அது என் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். போட்டாவில் இருக்கிற எனக்கு மட்டும் தெரியாது.

அந்த வெள்ளைக்காரர் மறுபடி மனுவின் கடைசி வரிக்கு வந்தார். "தேன் ஐ," என்று நிறுத்தினார். "தேன் ஐ வாட்? ஃபினிஷ் த சென்டன்ஸ்."

வாக்கியத்தை முடி என்கிறார். பிள்ளைகளே, அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் கருப்பையா மணி அடிக்கும் வரை நின்றானே, அவனுக்கு வர வேண்டிய பதில் இதுதான். ஈயும் இல்லை, அடியும் இல்லை. பாதியில் நிற்கிற வாக்கியத்தை முடித்துப் பார்க்க வேண்டும். 'ஐ' போட்டால், பிள்ளைகளுக்கு என் அண்ணனைத் தெரிந்த அளவுக்கு எனக்கு அவரைத் தெரியாது என்று முடியும். 'மீ' போட்டால், பிள்ளைகளுக்கு என் அண்ணனைத் தெரிந்த அளவுக்கு என்னைத் தெரியாது என்று முடியும். ஹீ, ஷீ வந்தாலும் இதே கணக்குத்தான். ராமன் என்னை விட உயரம் என்றால் எதைப் போட்டாலும் ஆள் மாறாது. துரையே மீ என்கிறார். ஆனால் ஒருவர் இன்னொருவரை அறிவது, நேசிப்பது, நம்புவது என்று வந்துவிட்டால் ஓரெழுத்தில் ஆளே மாறிவிடுவான்.

அன்றைக்கு எனக்கு இவ்வளவு விளக்கமாகத் தெரியவில்லை. முடிக்கச் சொன்னார், முடித்தேன். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். "சார், மை சில்ட்ரன் நோ மை பிரதர் பெட்டர் தேன் தே நோ மீ."  தகப்பன் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, என் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியாது என்று ஒரு அந்நியனிடம் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் எழுதப் போனார். நான் பொறுக்காமல், "சார், தட் ஆல்ஸோ ட்ரூ" என்றேன். எது என்று கேட்டார். "பெட்டர் தேன் ஐ நோ ஹிம்." அதுவும் உண்மைதான் சார், என் அண்ணனை என்னை விட என் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடிதங்கள் இரண்டையும் அவர் முன்னால் வைத்து, இது அண்ணன் கை, இது மகள் கை, எனக்கு இப்போதுதான் தெரிந்தது, அவர் கைக்கு என்ன ஆனதென்று இன்னும் தெரியாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். 'இஸ்' எத்தனை இடத்தில் விட்டுப்போனதோ.

அவர் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவர். ஆனாலும் இரண்டு கடிதத்தையும் வெகுநேரம் பார்த்தார். மீனாளின் 'ந' மேல் விரலை வைத்து, அதே எழுத்தை மற்றக் கடிதத்தில் தேடினார். கண்டுபிடித்ததும் பள்ளிப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். மனுவில் இருந்த 'ஐ'யை அடித்துவிட்டு மேலே தன் பேனாவால் 'தே நோ மீ' என்று மூன்று சொல் எழுதினார். "தேங்க் யூ. தட்ஸ் ஆல்" என்றார். அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் ஐந்து வாரம் கிடந்தேன். அனுமதி வந்தது.

பினாங்குத் துறைமுகத்தில் சிவகாமி இறங்கிவந்தாள். ஒரு கையில் மகன், ஒரு கையில் பெட்டி. மீனாள் பின்னால் ஒரு மூட்டையோடு. அடைக்கலம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்தான்.

"இவுக இல்ல ஆத்தா. பேனா எங்க?" என்றான்.

"இவுகதாண்டா. கும்புடு" என்றாள் சிவகாமி. என்னிடம், "ஒங்க மகனுக்காக மொதல்ல ஒரு பேனா வாங்கிச் சட்டையில குத்துங்க. இல்லாட்டி நம்ப மாட்டான்" என்று சொல்லிச் சிரித்தாள். ஏழு வருஷத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. மறுநாளே ஒரு பேனா வாங்கினேன். இன்றைக்கும் பை இல்லாத சட்டை நான் தைப்பதில்லை.

அண்ணன் கையைப் பற்றி மீனாள்தான் சொன்னாள். கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைக்கும்போது வடக்கயிறு கையில் சுற்றிக்கொண்டு மாடு இழுத்துவிட்டது. வலது கையில் மூன்று விரல் இல்லை. "தம்பிக்கு எழுதாத. தெரிஞ்சா போட்டது போட்டபடி ஓடியாந்துருவான்னு பெரியப்பா சொன்னாக. நாந்தான் அவுக மாதிரியே எழுதிப் பழகுனேன். நல்லா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். ரொம்ப நல்லா இருந்துச்சு ஆத்தா என்றேன். எல்லாரிடமும் காட்டினேன் என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கு, கமலைக் கயிறு அண்ணன் கையைப் பிடித்த அந்த நாளில் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அனேகமாக ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்திருப்பேன்.

மீனாள் இங்கே வந்துவிட்டதால் ஊரில் எழுத ஆள் இல்லை. அண்ணனிடமிருந்து நாலு மாதம் கடிதம் வரவில்லை. பிள்ளைகளைப் பிரித்த கோபமோ என்று பயந்தேன். கோபப்பட அவருக்கு நியாயமும் இருந்தது. மதினி சாப்பிடுவதில்லை என்று மட்டும் வேறு ஆள் மூலம் கேள்விப்பட்டேன். ஐந்தாம் மாதம் கடிதம் வந்தது. உறையைப் பார்த்ததும் மீனாள் பிடுங்கிக்கொண்டாள். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, காற்றடித்துப் படுத்த சோளம் மாதிரி கிடந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பெருவிரல் அகலம். மீனாள் சத்தம் போட்டு வாசித்தாள். 'தம்பிக்கு எழுதுவது. இது என் இடது கை. மண்ணில் எழுதிப் பழகினேன். மதினி வாத்தியாரம்மா மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். மாடு நலம். மழை போதவில்லை. இங்கே நாங்கள் சௌக்கியம். பிள்ளைகளுக்கு என்னை விட' என்று வந்ததும் நிறுத்திவிட்டாள். அத்தோடு பக்கம் முடிந்திருந்தது.

என்னை விட. ஒப்பிடுவதற்கும் அதுதான் சொல், விட்டுப் போவதற்கும் அதுதான் சொல். இத்தனை வருஷம் பேசுகிறேன், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. பிள்ளைகளுக்கு என்னை விட மனம் வந்ததா என்று கேட்கப் போகிறாரோ என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மீனாளும் என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் அதே நினைப்பு என்று தெரிந்தது.

"பெரியப்பா முடிக்கலையேப்பா" என்றாள்.

"திருப்பு ஆத்தா" என்றேன்.

திருப்பினாள். மறுபக்கத்தில் ஒரே வரி இருந்தது. 'உன்னை இந்நேரம் நன்றாகத் தெரிந்திருக்கும். எனக்கு அது போதும்.'

அந்தக் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. இப்போது மீனாள் டவுன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கிறாள்; அடைக்கலம் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுகிறான், பேனாவைப் பார்ப்பதில்லை. அண்ணனை நான் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அவ்வப்போது பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுப்பேன். முதல் பக்கத்தின் அடியில் வந்ததும் விரல் நின்றுவிடும். திருப்பினால் நான் தகப்பன். திருப்பாத வரைக்கும் அண்ணனை விட்டு வந்த தம்பி.